மர்ம வளையங்களை மண்ணைத் தோண்டி ஆராய்ந்த இராபர்ட் பிளாட்

இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் காணப்பட்ட மர்ம வளையங்களின் காரணத்தை, வாய்மொழிக் கதைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மண்ணைத் தோண்டிப் பார்த்து அறிய முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் இயற்கை ஆய்வாளர் இராபர்ட் பிளாட். சரியான தடயம் அவர் கைக்குக் கிட்டியது. ஆயினும் அவர் அறிவித்த முடிவு தவறாக அமைந்தது.

கென்ட் மாவட்டத்தின் போர்டன் பகுதியில் 1640-ஆம் ஆண்டு பிறந்த பிளாட், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஒவ்வொரு மாவட்டத்தின் மண், நீர், தாவரம், கற்கள், விந்தை நிகழ்வுகள் ஆகியவற்றைத் தொகுத்து நூலாக்குவதே அவரது பெருவிருப்பம். அச்சிட்ட வினாப்பட்டியல்களைப் பரப்பியும், நேரில் பயணம் செய்தும் அவர் தகவல் திரட்டினார். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பற்றிய நூல் 1677-இல் வெளியானது. அதே ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1683-இல் திறக்கப்பட்ட அஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளராகவும், ஆக்ஸ்ஃபோர்டின் முதல் வேதியியல் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார்.

1686-இல் வெளியான ஸ்டாஃபோர்ட்ஷயர் நூலில் புல்வெளி வளையங்களை அவர் விரிவாக ஆராய்ந்தார். தேவதைகளும் சூனியக்காரிகளும் இரவில் நடனமாடிய தடமே அவை என்று மக்கள் நம்பிய காலம் அது. பிளாட் அந்நம்பிக்கைகளையும் பதிவு செய்தார். அகழெலிகளும் கால்நடைகளும் இவற்றை உண்டாக்கக்கூடுமா என்றும் ஆராய்ந்தார்.

பின்னர் வளையங்களின் அடிமண்ணைத் தோண்டிப் பார்த்தார். அங்கே மண் வழக்கத்தைவிடத் தளர்ந்தும் உலர்ந்தும் இருந்தது. பூசணம் பிடித்த ரொட்டியில் காணப்படுவது போன்ற வெண்ணிறப் படிவு அதில் கலந்திருந்தது. முடை நாற்றமும் வீசியது. இவை அனைத்தையும் நுணுக்கமாகக் குறித்துக்கொண்ட பிளாட், மேகத்திலிருந்து விரிந்து இறங்கும் மின்னல் தரையைத் தாக்குவதே பெரும்பாலான வளையங்களுக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். அதனை விளக்கும் படங்களையும் நூலில் சேர்த்தார்.

அவர் கண்ட வெண்ணிறப் படிவுதான் உண்மையான காரணம். அது பூஞ்சையின் இழைத்தொகுதி. ஒரு புள்ளியில் வேரூன்றும் பூஞ்சை நாற்புறமும் சீராகப் பரவுகிறது. நடுப்பகுதி மடிய, விளிம்பு மட்டும் வளையமாக வளர்கிறது. மட்கிய பொருள்களைச் சிதைத்து அது வெளியிடும் சத்துகளால் விளிம்பில் புல் செழித்து வளர்கிறது. அடர்ந்த இழைகள் நீரை உட்புகவிடாததால் மண் உலர்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் விதரிங் பூஞ்சையே காரணம் என்று சுட்டிக்காட்டினார். வளையம் வெளிநோக்கி விரிவதன் காரணத்தை 1807-இல் வில்லியம் ஹைட் வொலாஸ்டன் விளக்கினார்.

பிளாட்டின் மற்றொரு ஆய்வுக்கும் இதே நிலை நேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிடைத்த பேரெலும்பின் துண்டு ஒன்றைத் தொடை எலும்பின் கீழ்முனை என்று அவர் சரியாகவே அடையாளம் கண்டார். யானையின் எலும்போடு அது பொருந்தாததால், இராட்சத மனிதனுடையது என்று கருதினார். அவரது நூலில் இடம்பெற்ற ஓவியத்தைக் கொண்டு, அது மெகலோசாரஸ் போன்ற டைனோசரின் எலும்பாக இருக்கலாம் என அறிஞர்கள் கருதுகின்றனர். டைனோசர் எலும்பு குறித்து அச்சில் வெளியான மிகப் பழைய படங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

1690-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதவிகளைத் துறந்து திருமணம் செய்துகொண்ட பிளாட், சொந்த ஊருக்குத் திரும்பினார். 1696-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி அங்கேயே காலமானார்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் பயிர்கள் வட்டமாகச் சாய்ந்து கிடந்தபோது, வேற்றுக்கிரகவாசிகளின் செயல் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அவற்றுள் பலவற்றைப் பலகையும் கயிறும் கொண்டு தாங்களே உருவாக்கியதாக 1991-இல் இருவர் ஒப்புக்கொண்டனர். அந்தப் பரபரப்பினிடையே பிளாட்டின் பழைய நூலையும் சிலர் சான்றாகக் காட்டினர். ஆனால் பயிர் சாய்ந்த வட்டமும், பூஞ்சை உண்டாக்கும் புல்வளையமும் வெவ்வேறு. மின்னல் என்ற அவரது முடிவு கைவிடப்பட்ட பிறகும், தோண்டிய மண்ணில் கண்டதை உள்ளபடியே எழுதிவைத்த அவரது குறிப்பு, பூஞ்சையின் அடையாளங்களோடு இன்றும் பொருந்தி நிற்கிறது.