ஒற்றையா இரட்டையா? ஜான் வான் நியூமனின் வாழ்க்கைக் கணக்கு



கை நிறையப் புளியங்கொட்டைகளை மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்கும் விளையாட்டை அறியாத தமிழ்க் குழந்தைகள் ஒரு காலத்தில் இல்லை எனலாம். இந்த எளிய விளையாட்டுக்குள் ஒரு பெரிய கணிதம் ஒளிந்திருப்பதை, ஆட்டக் கோட்பாட்டைப் பாடமாக எடுத்த பிறகுதான் நான் அறிந்தேன். அதற்கு அடித்தளமிட்டவர் ஜான் வான் நியூமன். எங்கள் பாடநூலில் அவர் ஒரு தேற்றத்தோடு ஒட்டிய பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1903 டிசம்பர் 28ஆம் நாள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், வசதியான யூதக் குடும்பத்தில் மூன்று ஆண் மக்களில் மூத்தவராக அவர் பிறந்தார். தந்தை வங்கியாளர். 1919இல் பேலா குன் தலைமையில் கம்யூனிஸ்டு ஆட்சி சில மாதங்கள் நடந்தபோது, அக்குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறி இருக்க வேண்டியதாயிற்று. அப்போது வான் நியூமனுக்கு வயது 15. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணிதம் சோறு போடுமா என்ற கேள்வி நம் வீடுகளில் மட்டும் எழுவதன்று. அவருடைய தந்தைக்கும் அதே கவலை இருந்தது. எனவே ஒரு சமரசம் ஏற்பட்டது. தந்தைக்காக ஜூரிக்கில் வேதியியல் பொறியியல், தமக்காக புடாபெஸ்ட்டில் கணிதம். 1926இல் பொறியியல் பட்டயம், கணித முனைவர் பட்டம் இரண்டையும் அவர் பெற்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், மினிமேக்ஸ் தேற்றத்தை வெளியிட்டார். நம் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். கொட்டைகளை மறைப்பவர் எப்போதும் ஒற்றையே வைத்தால் எதிரி விரைவில் கண்டுபிடித்துவிடுவார். மாற்றி மாற்றி வைத்தாலும் அந்த ஒழுங்கு பிடிபட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தால்? எதிரி எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், சராசரியில் பாதிக்கு மேல் வெல்ல முடியாது. கண்டுபிடிப்பவரும் நாணயம் சுண்டிச் சொன்னால் அதே பாதுகாப்பு அவருக்கும் கிடைக்கும். இருவரும் தமக்கு உறுதி செய்துகொள்ளக்கூடிய எல்லைகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஒருவரின் வெற்றி மற்றவரின் இழப்பாக அமையும், வழிகள் எண்ணிக்கைக்கு உட்பட்ட இருவர் ஆட்டம் எதுவாயினும் இப்படி ஒரு புள்ளி உண்டு என்று அவர் நிறுவினார். எதிரியின் மனம் தெரியாத நிலையிலும் அறிவோடு முடிவெடுக்கலாம் என்பதே இதன் பொருள்.

1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்றார். 1933இல் அங்குள்ள உயர் ஆய்வுக் கழகத்தின் முதல் பேராசிரியர்களுள் ஒருவரானார். ஐன்ஸ்டைனும் அவர்களுள் ஒருவர். 1944இல் பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட, 600 பக்கங்களைத் தாண்டிய நூல் ஆட்டக் கோட்பாட்டை ஒரு தனித் துறையாக்கியது. 1945இல் எழுதிய அறிக்கையில், கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் சேமிக்கும் கணினியின் அமைப்பை விளக்கினார். இன்று நாம் பயன்படுத்தும் கணினிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

இத்தகைய பெருமைகளோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. அணுகுண்டுத் திட்டத்தில் அவர் முக்கியப் பங்காற்றினார். 1945இல், எந்த ஜப்பானிய நகரங்களைத் தாக்கலாம் என்று பரிந்துரைத்த குழுவிலும் இருந்தார். போருக்குப் பின், சோவியத் ஒன்றியம் வலுப்பெறுமுன் அமெரிக்கா முந்திக்கொண்டு தாக்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்தார்.

ஆட்டக் கோட்பாடுதான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்று சிலர் கருதுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த முடிவுக்கு எவ்வளவு மதிப்பு என்று நாம் எண்களைக் கொடுத்தால்தான் அக்கோட்பாடு வழி சொல்லும். அந்த எண்களை அது தருவதில்லை. 15 வயதில் கண்ட அச்சத்துக்கும் அவர் இட்ட மதிப்புகளுக்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். முந்திக்கொண்டு எவரும் தாக்கவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் அணு ஆயுதப் போர் இல்லாமலே கலைந்தது. இருவருக்கும் பொதுவான இழப்பு ஒன்று இருக்கும்போது, அது ஒற்றையா இரட்டையா ஆட்டம் அன்று.

1955இல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில், தம் மகள் மரினாவிடம் இரண்டு சிறிய எண்களைச் சொல்லி அவற்றின் கூட்டுத்தொகையைத் தம்மிடம் கேட்கும்படி வேண்டினார். 7, 6 போன்ற எண்கள்தாம். தம் மூளை இன்னும் வேலை செய்கிறதா என்று அவருக்கு அறிய வேண்டியிருந்தது. வாழ்நாளில் பெரும்பகுதி சமயத்தில் நாட்டமின்றி இருந்தவர், கத்தோலிக்கப் பாதிரியாரை வரவழைத்தது நண்பர்களைத் திகைக்க வைத்தது. அதன் பிறகும் மரண பயம் அவரை விடவில்லை. 1957 பிப்ரவரி 8ஆம் நாள் 53 வயதில் மறைந்தார். நிச்சயமின்மையைக் கணக்குக்குள் கொண்டுவந்த மனிதருக்கு, தம் சொந்த முடிவு மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. இப்பகுதியைப் படித்த இரவு எனக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தனர். 1973இல் மேனார்ட் ஸ்மித், பிரைஸ் ஆகிய இருவரும் சிந்திக்காத விலங்குகளுக்கும் ஆட்டக் கோட்பாட்டைப் பொருத்திக் காட்டினர். அங்கே உத்தியைத் தேர்ந்தெடுப்பது மூளை அன்று. தலைமுறை தலைமுறையாக நடக்கும் இயற்கைத் தேர்வு. எப்போதும் மூர்க்கமாகச் சண்டையிடும் உத்தி காயங்களால் நலிந்துபோகலாம் என்பதை அவர்கள் விளக்கினர்.

மறுபுறம், 1965இல் லோட்ஃபி ஸாடே ஃபஸி கணங்களை அறிமுகப்படுத்தினார். நல்ல சம்பளம் என்பதற்குக் கூரிய எல்லை ஏது? ஆகவே 0க்கும் 1க்கும் இடையே ஓர் அளவு தரலாம் என்றார். 1970இல் அவரும் ரிச்சர்ட் பெல்மனும் இதை முடிவெடுத்தலுக்குக் கொண்டுவந்தனர். ஒரு வேலை சம்பளத்தில் 0.9, வீட்டுக்கு அருகில் இருப்பதில் 0.3 என்று கொள்வோம். மற்றொன்று 0.6, 0.7. ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த அளவைப் பார்த்தால் 0.3, 0.6. அவற்றுள் பெரியது 0.6, எனவே இரண்டாவது வேலை. மிகத் தாழ்ந்ததை முடிந்தவரை உயர்த்துவது என்ற வான் நியூமனின் எண்ணம் இங்கும் தொடர்வதைக் காணலாம்.

பட்டம் பெற்று வெளியேறப் போகும் நாம் விரைவில் இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கவிருக்கிறோம். கணக்கைக் கணினி நொடியில் போட்டுத் தரும். ஆனால் வீட்டருகே இருப்பதற்கு 0.3 போடுவதா 0.8 போடுவதா என்பதை நமக்காக எவரும் சொல்லித் தர முடியாது. அந்த எண்ணை எழுதும் முன் சற்று நிதானிப்போம், நண்பர்களே.