உதயனாசாரியரும் கடவுளுண்மை வழக்கும்

கடவுள் உண்டென்பானும் இல்லென்பானும் எதிரெதிர் நின்று வழக்கிடுமிடத்து முதற்கண் எழுவது ஒரு வினாவாகும். தன் கோளைச் சான்றுகாட்டி நிறுவுங் கடப்பாடு இவ்விருவருள் யாருக்கு உரியது? உண்டென்பானே காட்டுக, அவன் காட்டமாட்டாதவழி இல்லென்பதே முடிபாம் என்பர் ஒருசாரார். இல்லென்பதும் ஒரு கோளேயாகலின் அதற்கும் ஏது வேண்டும் என்பர் மற்றொருசாரார். இவ்வழக்கினை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எடுத்துக்கொண்டு, தமக்குரிய சுமையைத் தாமே தாங்கி, பிறர்க்குரிய சுமையைப் பிறர்பால் நிறுத்திக் காட்டிய பேரறிஞர் உதயனாசாரியர் ஆவர்.

இவர் மிதிலை நாட்டினர். இக்காலத்துப் பீகார் மாநிலத்துச் சமஸ்திபூர் மாவட்டத்திலுள்ள கரியன் என்னுஞ் சிற்றூரே இவர் பிறந்த ஊரென அந்நாட்டார் வழிவழியாகக் கூறுவர். இவரியற்றிய இலக்கணாவலியின் இறுதிச் செய்யுளைக்கொண்டு, அந்நூல் சகம் 906, அஃதாவது கி. பி. 984-ல் முடிந்ததெனப் பலர் கணிப்பர். அவ்வெண்ணை வேறாகக் கொண்டு சிறிது பிற்படுத்துவாரும் உளர். கௌதமர் செய்த நியாய சூத்திரத்துக்கு வாற்சியாயனர் பாடியமும், அதற்கு உத்தியோதகரர் வார்த்திகமும், அதற்கு வாசற்பதி மிசிரர் தாற்பரிய டீகையும் செய்தனர். அவ்வழியில் வந்த உதயனர் அத்தாற்பரிய டீகைக்குப் பரிசுத்தி என்னும் உரை வகுத்தார். வைசேடிகத்துக்குக் கிரணாவலியும், ஆன்மா உண்டென நிறுவுதற்கு ஆத்மதத்துவ விவேகமும், இறைவன் உண்டென நிறுவுதற்கு நியாய குசுமாஞ்சலியும் இவர் அருளிய பிற நூல்களாம்.

அக்காலத்து நாலந்தை, விக்கிரமசீலம் முதலிய பள்ளிகளிற் பௌத்தரது அளவைநூற் புலமை ஓங்கியிருந்தது. குடத்துக்குக் குயவன்போல உலகிற்கும் ஒரு கருத்தா உண்டென்னும் நியாய நூலாரை, ஏழாம் நூற்றாண்டினராகிய தருமகீர்த்தி முன்னரே மறுத்திருந்தார். மண்ணாலாயது என்னும் ஒப்புமை ஒன்றேபற்றிக் கருத்தாவைத் துணியின், கறையான் புற்றும் குயவன் வனைந்ததாகல் வேண்டும் என்பது அவர் தொடுத்த தடை. இஃது எளிதிற் கடக்கலாவதொரு தடையன்று. இத்தகைய கூரிய மறுப்புக்களின் நடுவேதான் உதயனர் தமது நூலைச் செய்யப் புகுந்தனர்.

குசுமாஞ்சலி என்பது இருகை நிறைய ஏந்திய மலர். ஐந்து கொத்தாக வகுத்த அந்நூலின் தோற்றுவாயில், ஒவ்வொரு சமயத்தாரும் தத்தமக்கேற்ற பெயரால் ஒரு முதலையே போற்றுகின்றனர் என்றும், சைவர் அவனையே சிவனென வழிபடுகின்றனர் என்றும் கூறி, இங்ஙனம் யாவரும் உடன்பட்ட பொருளில் ஆராய்தற்கு என்னுளது என்னும் வினாவைத் தாமே எழுப்புவர். எழுப்பியவர் ஆராய்ச்சியை விட்டொழிந்தாரல்லர். கேட்டலை அடுத்து நிற்பது சிந்தித்தலாகலின், நியாய ஆராய்ச்சியும் ஒருவகை வழிபாடேயாம் என அமைதி கூறினர். எல்லாரும் உடன்பட்டது என்பது கொண்டு சுமையிறக்கி வைத்தற்கு இடமிருந்தும், அவர் அதனை இறக்கிலர்.

மூன்றாங் கொத்திலேதான் இல்லென்பாரது கடன் ஆராயப்படுகின்றது. காணப்படாமையால் இறைவன் இல்லையென்பது உலகாயதர் கூற்று. காணப்படாமை எல்லாவிடத்தும் இன்மைக்கு ஏதுவாகாது. காணத்தக்க பொருள் காணப்படாதவழியே அஃது ஏதுவாம் என்பது உதயனர் விடை. விளக்கொளியில் வெறுந்தரையைப் பார்ப்பவன் ஆங்குக் குடமின்மையைத் துணிவது தகும், இருப்பின் தோன்றியிருக்குமாகலின். பொறிக்குப் புலனாகாத பொருளில் அத்துணிவு செல்லாது. செல்லுமாயின், வீட்டைவிட்டு வெளிப்போந்த உலகாயதன் மனைவி மக்களைக் காணாமையால் அவர் இலராயினர் என மார்பிலடித்துக்கொண்டு அழவேண்டுவதே முறையாம் என நகைபடக் கூறினர்.

இனி, உடம்பில்லாதான் ஒன்றனைச் செய்தல் யாண்டுமின்மையின் இறைவன் கருத்தா அல்லன் எனக் கருதலளவையால் மறுப்பாரை நோக்கி, அவ்வனுமானத்தின் பக்கம் யாதென வினவுவர். இறைவன் என்னும் பொருள் ஓரளவையாற் பெறப்பட்டதாயின், அவ்வளவையே அவனைக் கருத்தாவாகவும் காட்டி அம்மறுப்பைக் கெடுக்கும். பெறப்படாததாயின், ஏது நிற்றற்கு இடனின்றி விழும். கருதலளவையே நம்பத்தகாதது, பிறிதோரிடத்தும் பிறிதொரு காலத்தும் அது பிழைபடலாகும் என ஐயுறுவானும் தப்பினானல்லன். காணாத இடத்தையும் காலத்தையும் அவன் எண்ணியதே கருதலளவையாலன்றோ? ஐயத்துக்கும் ஓரெல்லையுண்டு, தன் செயலோடு முரணுமிடத்து அது நின்றுவிடும். புகை வேண்டித் தீமூட்டுவானும், பசி தீர உண்பானும் காரண காரிய இயைபை ஐயுற்று அங்ஙனஞ் செய்கின்றிலர்.

இவற்றால் இறைவன் உண்டென்பது பெறப்பட்டதோவெனின், இல்லை. இல்லென்பார் சான்று வீழ்ந்தமையே உண்டென்பார்க்குச் சான்றாகாது. இதனை நன்குணர்ந்தே உதயனர் ஐந்தாங் கொத்தில் தமது சுமையை எடுத்துக்கொண்டனர். உலகு காரியமாதலின் கருத்தா வேண்டும். அறிவில்லா அணுக்கள் அறிவுடையான் இயக்கவன்றி முதற்கண் இயைதல் கூடாது. வானிற் செல்லும் பறவை பற்றிய பொருள்போல உலகு வீழாது நிற்றலின் அதனைத் தாங்குவான் வேண்டும். நெய்தல் முதலிய தொழில்கள் ஒருவர்பின் ஒருவராகக் கற்று வருதலின் முதலாசான் வேண்டும் என இவ்வாறு ஒன்பது ஏதுக்களை நிரல்பட வைத்தனர். புற்றினைக் காட்டிய தடைக்கும் இந்நெறியில் விடையுண்டு. குடத்துக்குக் குயவன் என்னுஞ் சிறப்பியைபு வேறு. காரியத்துக்குக் கருத்தா என்னும் பொதுவியைபு வேறு.

இவரைப் பற்றி மிதிலை நாட்டார் கூறும் செவிவழிக்கதை ஒன்றுண்டு. பௌத்தரொடு செய்த வாதம் முடிவுபெறாமையால், அந்தணன் ஒருவனையும் பௌத்தன் ஒருவனையும் உயர்ந்ததோரிடத்தினின்று குதிப்பித்தனராம். கடவுளுண்டென்று கூறிக் குதித்த அந்தணன் பிழைத்தான். இல்லென்று குதித்தவன் மாய்ந்தான். வென்ற உதயனர் பூரி சென்று சகந்நாதரை வணங்கப் புக, கதவு திறக்கவில்லை. கொலைப்பழி சார்ந்தமையால் கழுவாய் செய்தாலன்றிக் காட்சியில்லை என இறைவன் உணர்த்தினன். அவர் காசியடைந்து உமித்தீயில் உடம்பை விடுத்தனர். நடந்தது நடவாதது எதுவாயினும், இக்கதையின் உட்கோள் பெரிது. தன் உண்மையை நிறுவிய செயலையே இறைவன் ஏற்றிலன். ஓருயிரைப் பணயமாக்கிப் பெற்ற வெற்றி ஏதுவுமன்று, எடுத்துக்காட்டுமன்று. அஃது அளவையின் சுமையை அறியாதான் தோள்மேல் ஏற்றியதாம்.

நூலின் முடிபில் உதயனர் செய்த வேண்டுகோள் இக்கதையினும் அவருள்ளத்தை நன்கு காட்டும். இத்துணை நியாய நீராற் கழுவியும் நின்னை ஏலாத நெஞ்சினர் கல்லனைய நெஞ்சினரே. ஆயினும் மறுத்தற்பொருட்டேனும் இடையறாது நின்னையே நினைந்தனராகலின், காலம் வந்துழி அவரையும் நின் கருணையால் உய்யக்கொள்ளல் வேண்டும் என்பது அதன் கருத்து. எதிர்வழக்காடுவானும் இறைவனை நினைப்பவனே என்னும் இவ்வுரை, வாதம் புரிவார் யாவரும் உளங்கொளற்பாலது.

பிற்காலத்துச் சிரீஹர்ஷர் கண்டன கண்டகாத்தியத்தில் உதயனரது ஐயம்பற்றிய காரிகையையே மாற்றியமைத்து அவரை மறுத்தனர். வழக்கு அதனோடு ஓய்ந்திலது. நம் சித்தாந்த ஆசிரியர்க்கு அணுக்களே முதற்காரணமென்னும் நியாயக்கொள்கை உடன்பாடன்று; மாயையே முதற்காரணமென்பர். எனினும் உலகின் தோற்ற நிலை ஒடுக்கங்களை ஏதுவாக வைத்து நிமித்த காரணனாகிய பதியைத் துணிதல் சிவஞானபோத முதற்சூத்திரத்தின் நெறியேயாம். சித்தியார் பரபக்கமும் உலகாயதனோடு வாதிட்டே தொடங்குகின்றது. தம் கோளைத் தாமே நிறுவுதல் ஆசிரியர் கடனென்பது இருதிறத்தார்க்கும் ஒத்ததாம். கருதலளவை இறைவன் உண்டென்னுந் துணையுங் காட்டி நிற்கும்; அவனைக் காண்டல் அவனருளாலன்றி ஆகாது. உதயனரும் தமது நூலுக்கு வெற்றிக்கொடி எனப் பெயரிட்டாரல்லர்; திருவடிக்கண் இடும் மலரெனவே பெயரிட்டனர்.