சுமை இறங்கிய பின்னும் நீண்ட பாதை

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்றுக் கம்பனின் சாயலை அதில் கண்டு மகிழ்வோர் பலர். 1894ஆம் ஆண்டில் வெளிவந்த அக்காப்பியத்திற்கு மூலமாய் அமைந்தது, தமிழில் மோட்சப் பிரயாணம் என வழங்கும் ஆங்கில உரைநடை நூல். அதனை இயற்றிய ஜான் பன்யன் காப்பிய மரபு அறிந்தவர் அல்லர். கல்லூரி வாயிலை மிதித்தவரும் அல்லர். ஊர் ஊராய்ச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். முதுகில் பாவச்சுமையோடு நடக்கும் பயணியை அவர் வெறும் கற்பனையால் படைத்துவிடவில்லை. அச்சுமை ஆண்டுக்கணக்கில் அவர் முதுகிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628 நவம்பர் 30 அன்று குழந்தை பன்யனுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பெற்றது. தந்தை தாமஸுக்கும் பாத்திரம் பழுது பார்ப்பதே தொழில். மைந்தர் பெற்ற கல்வி எழுதப் படிக்க அறிந்த அளவே. 1644இல் தாயும், அடுத்த மாதமே தங்கையும் இறந்தனர். அத்துயரம் ஆறுமுன் தந்தை மறுமணம் செய்துகொண்டார். பதினாறு வயதில், மன்னருக்கு எதிராகப் போரிட்ட நாடாளுமன்றப் படையில் பன்யன் சேர்ந்தார். முற்றுகை ஒன்றுக்குச் செல்லவேண்டிய அவருக்குப் பதிலாகத் தாமே விரும்பிச் சென்ற தோழர் ஒருவர், காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து மாண்டார். அந்நிகழ்ச்சியும் அவரை அன்று திருப்பிவிடவில்லை.

அவருடைய பாவங்கள் யாவை? 1666இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அவற்றை அவரே வரிசைப்படுத்துகிறார். வாய் ஓயாமல் சபித்தலும் ஆணையிடுதலும், ஊர்ப் பசும்புல் வெளியில் நடனமாடுதல், கோயில் மணி அடித்தல், ஓய்வுநாளில் நம் கிட்டிப்புள்ளைப் போன்ற ஓர் ஆட்டம் ஆடுதல். இவற்றுள் சிலவற்றைப் பாவமெனக் கேட்டால் இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் அவருடைய வேதனையின் வேர் செயலின் சிறுமை பெருமையில் இல்லை. விடவேண்டும் என்று அறிந்தும் விட இயலாமையே அவரை வாட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிட்டியை ஒருமுறை அடித்துவிட்டு மறுமுறை ஓங்கிய வேளையில், பாவத்தை விட்டு விண்ணுலகு செல்வாயா, பாவத்தோடு நரகம் புகுவாயா என உள்ளத்தில் ஒரு குரல் எழுந்தது. அவர் சிறிது நேரம் சிலையாய் நின்றார். இனித் திருந்தக் காலம் கடந்துவிட்டது, எப்படியும் அழிவுதான் எனத் தமக்குள் முடிவு கட்டிக்கொண்டு மீண்டும் ஆடத் தொடங்கினார்.

இதற்குச் சற்று முன்னரே அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. ஒரு தட்டோ கரண்டியோ இல்லாமல் தொடங்கிய குடித்தனம் அது. பாத்திரக்காரர் வீட்டில் பாத்திரம் இல்லாத விந்தையை என்னென்பது! மனைவி கொண்டுவந்த சீர் இரண்டு பக்தி நூல்களே. அவற்றை அவளோடு சேர்ந்து படித்ததில் கோயிலுக்குச் செல்லும் வழக்கம் வந்தது. பின்னர், நற்பெயர் இல்லாத ஒரு பெண்ணே அவருடைய கெட்ட வாயைக் கேட்டு அஞ்சி வெளிப்படையாய்க் கண்டித்தாள். நாணித் தலைகுனிந்த அவர் அன்றோடு ஆணையிடுவதை விட்டார். மணி அடிப்பதையும் விட்டார். எனினும் ஓசையின் மேல் ஆசை விடவில்லை. வேடிக்கை பார்க்கச் சென்றார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று அஞ்சி உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். சுவரில் மோதித் தெறித்தால் என்று அஞ்சி வாயிற்படிக்கு வந்தார். கோபுரமே சாய்ந்தால் என்ற எண்ணம் எழவே ஓடிப்போனார். நடனத்தை விட மட்டும் ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது.

ஊரார் புகழ்ந்தனர். அப்புகழ் அவருக்கு இனித்தது. பழைய தீமைகள் போன இடத்தில் தம் நல்லொழுக்கத்தைப் பற்றிய பெருமிதம் குடியேறியது. ஒருநாள் தொழில் நிமித்தம் பெட்போர்டு தெருவில் நடந்தபோது, வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து ஏழைப் பெண்கள் மூவர் நால்வர் பேசிக்கொண்டிருந்தனர். சமயப் பேச்சில் தாமும் வல்லவர் என்ற நினைப்போடு அருகே சென்றவருக்கு அவர்கள் பேச்சு விளங்கவில்லை. தம் நன்மைகளைப் பற்றி அவர்கள் எதுவும் பேசவில்லை. உள்ளத்தின் இழிநிலையையும், கிறிஸ்துவின் அன்பால் பெற்ற புதுப்பிறப்பையும் மகிழ்ச்சியோடு பேசினர். அப்பேச்சின் முன் தம் சமயம் வெறும் உடுப்பென உணர்ந்தார். அப்பெண்கள் சார்ந்திருந்த சபையின் போதகர் ஜான் கிப்பர்டு, ஒரு காலத்தில் மன்னர் படையில் இருந்து, சிறையிலிருந்து தப்பியவர். அவரிடம் பன்யன் வழிகாட்டுதல் பெற்றார்.

அதன் பின்னரே கொடிய சோதனை வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்ற ஒரே எண்ணம், உண்ணும்போதும், குனிந்து ஓர் ஊசியை எடுக்கும்போதும், விறகு பிளக்கும்போதும் ஏறத்தாழ ஓராண்டு அவரை விடாது தொடர்ந்தது. கைகளால் தள்ளிக்கொண்டே மாட்டேன் என்று மறுத்து வந்தார். ஒரு காலை, படுக்கையில் களைத்துக் கிடந்தபோது, அவர் போக விரும்பினால் போகட்டும் என ஓர் எண்ணம் கடந்து போயிற்று. அவ்வளவுதான், தாம் அழிந்தவர் என முடிவு செய்தார். சேட்டபாகத்தை விற்றுப் பின் அழுதும் பயன் காணாத ஏசாவின் கதை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவரை வதைத்தது. வேதத்தின் ஒரு சொல் கீழே தள்ள, மற்றொரு சொல் தாங்கிப் பிடித்தது. சொல்லின் ஆற்றலை இவ்வளவு உடலறிய அனுபவித்த எழுத்தாளர் மிகச் சிலரே எனலாம்.

விடுதலை ஒரு வயல்வெளியில் வந்தது. நடந்துகொண்டிருந்தவருக்கு, தம்முடைய நீதி தம்மிடத்தில் இல்லை, விண்ணகத்தில் கிறிஸ்துவாகவே இருக்கிறது என்னும் எண்ணம் திடீரெனத் தோன்றியது. தம் நல்ல மனநிலை அந்நீதியைக் கூட்டுவதும் இல்லை. தீய மனநிலை குறைப்பதும் இல்லை. அதுவரை அவர் தம் உள்ளத்தையே நொடிதோறும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தடவல் நின்றபோது விலங்குகள் கழன்றன.

1660இல் மன்னராட்சி மீண்டது. உரிமம் இன்றி உபதேசித்ததற்காக நவம்பர் 12 அன்று அவர் கைதானார். முதல் மனைவி 1658இல் இறந்திருந்தாள். இரண்டாம் மனைவி எலிசபெத் அப்பொழுது கருவுற்றிருந்தாள். அதிர்ச்சியில் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. 1661இல் அவ்விளம்பெண் நீதிபதிகள் முன் தனியே நின்று கணவருக்காக வழக்காடினாள். நீதிபதி மேத்யூ ஹேல் இரங்கினார். விடுவிக்க அவரால் இயலவில்லை. உபதேசிக்க மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்தைக் காத்தார்.

இங்கு வந்த சோதனைக்கு மற்றவை ஈடாகா. மூத்த மகள் மேரி பிறவியிலேயே பார்வையற்றவள். அவள் பிச்சை எடுக்க நேருமோ, அடிபடுவாளோ, குளிரில் நடுங்குவாளோ என்ற நினைவு அவரைத் துண்டுதுண்டாக்கியது. முன்னம் வந்த சோதனை தீமையின் வடிவில் வந்தது. இதுவோ அன்பின் வடிவில் வந்தது. அவர் செய்தது சரியா என்று தாய்மார் கேட்கக்கூடும், கேட்பதும் தகும். அவரும் அதைக் கேட்டுக்கொண்டவரே. தூக்குமேடை ஏணியில் கால் நடுங்கித் தம் நம்பிக்கைக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்றும் அஞ்சினார். இறுதியில், கடவுள் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும் தாம் பற்றியதை விடுவதில்லை என்று துணிந்தார். சொர்க்கத்தையே கூலியாகக் கேளாத துணிவு அது.

அச்சிறையில் தொடங்கியதாக ஆய்வாளர் பலர் கருதும் மோட்சப் பிரயாணம் 1678இல் அச்சேறியது. கையெழுத்துப் படியைப் படித்த நண்பர்களுள் சிலர் வெளியிடு என்றனர். சிலர் வேண்டாம் என்றனர். இதனை அவர் நூல்முகச் செய்யுளில் வேடிக்கையாய்ச் சொல்கிறார். அந்நூலின் கட்டமைப்பில் ஒன்று கருதத்தக்கது. சிலுவையடியில் பயணியின் முதுகுச்சுமை கழன்று உருளும் காட்சி தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. அப்பொல்லியோனோடு போர், மாயாபுரிச் சந்தை, சந்தேகக் கோட்டையின் இருட்டறை யாவும் அதன் பின்னரே. கோட்டையைத் திறக்கும் வாக்குறுதி என்னும் சாவியோ முழுநேரமும் பயணியின் மார்பிலேயே இருந்தது. சுமை இறங்கியதும் கதை முடிந்தது என எழுதியிருந்தால் நூல் துண்டுப் பிரசுரமாய்ப் போயிருக்கும். வைணவ மரபில் வளர்ந்து கிறிஸ்தவரான நெல்லைச் சீமைக் கவிஞர் இந்நூலில் காப்பியத்திற்குரிய நெடும்பயணத்தைக் கண்டது வியப்பன்று.

1672இல் விடுதலை பெற்றுப் போதகரான பன்யன், பின்னொரு முறையும் சில மாதம் சிறை கண்டார். 1688 ஆகஸ்டில், ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இருந்த பிணக்கைத் தீர்க்க ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்றார். மகன்மேல் சினந்திருந்த தந்தையை இணங்கவைத்து, இலண்டன் திரும்பும் வழியில் பெருமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு, ஸ்னோஹில் பகுதியில் மளிகை வணிகரான நண்பர் வீட்டில் ஆகஸ்ட் 31 அன்று உயிர் நீத்தார். இணக்கம் ஏற்பட்ட செய்தியைச் சொல்லி முடித்த பின்னரே படுக்கையில் விழுந்தார் என்பர்.