பாலைவனத்தில் வழி தவறியவர்

பாரிஸ்-டக்கார் பந்தயத்தைத் தொடங்கிய தியேரி சபீன் வரலாறு

1977-ம் ஆண்டு, ஜனவரி மாதம். ஆப்பிரிக்காவில் உள்ள சகாரா பாலைவனத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வீரர் வழி தவறிவிட்டார்.

எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். பகலில் நெருப்பாகச் சுடும் வெயில். இரவில் உடலை நடுக்கும் குளிர். உதவிக்கு ஓர் ஆள் இல்லை. மூன்று நாட்கள் அவர் உயிருக்குப் போராடினார்.

கடைசியில், தேடிச் சென்ற விமானம் அவரைக் கண்டுபிடித்தது. அவர் பிழைத்தார்.

இப்படித் தப்பியவர்கள் மறுபடியும் அந்தத் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். ஆனால், இவர் இரண்டு ஆண்டுக்குள் அதே பாலைவனத்துக்குத் திரும்பிப் போனார். தனியாக அல்ல. 182 வண்டிகளை அழைத்துக்கொண்டு போனார்!

அவர்தான் தியேரி சபீன்.

கடற்கரையில் பந்தயம்

சபீன், பிரான்சு நாட்டில் பாரிஸ் நகரை அடுத்த ஓர் ஊரில் 1949-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி பிறந்தார். வாலிப வயதில் கார்ப் பந்தயங்களில் கலந்துகொண்டார். ஆனால் பந்தயம் ஓட்டுவதைவிட, பந்தயம் நடத்துவதில்தான் அவர் பெயர் பெற்றார்.

தார் ரோட்டில் ஓடும் பந்தயம் வேறு. மணலிலும் சேற்றிலும் கல்லிலும் ஓடும் பந்தயம் வேறு. ரோட்டில் வேகம் ஜெயிக்கும். இங்கே வேகம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். வண்டி மணலில் புதைந்தால் கையால் தோண்டி எடுக்கவேண்டும். டயர் வெடித்தால் தானே மாற்றவேண்டும்.

அப்படி ஒரு பந்தயத்தை 1975-ம் ஆண்டு சபீன் தொடங்கினார். வடக்குப் பிரான்சில் உள்ள லெ துக்கே என்ற ஊரின் கடற்கரை மணலில் அது நடந்தது. குளிர்காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் கடற்கரை, மோட்டார் சைக்கிள்களால் நிறைந்தது. பெயர் பெற்ற வீரர்களும், ஊர் பேர் தெரியாதவர்களும் ஒன்றாக நின்று புறப்பட்டார்கள். பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்ளும் பந்தயமாக அது வளர்ந்தது.

சாதாரண மனிதனுக்கும் பந்தய ஆசை உண்டு. அவனுக்கு வழி திறந்துவிட்டால் போதும் என்பதை சபீன் அங்கே கண்டுகொண்டார்.

கிறிஸ்துமசுக்கு மறுநாள்

1977-ல் அவர் வழி தவறியது, அபிஜான் நகரில் தொடங்கி நீஸ் நகரில் முடியும் பந்தயத்தில். சாவின் வாசலைக் காட்டிய அந்தப் பாலைவனத்தின் அழகு அவர் மனதைவிட்டு அகலவில்லை. மற்றவர்களையும் அங்கே அழைத்துப்போக எண்ணினார்.

பாரிசில் புறப்பட்டு, மத்தியதரைக் கடலைத் தாண்டி, சகாராவைக் கடந்து, செனகல் நாட்டின் தலைநகரான டக்கார் போய்ச் சேரவேண்டும். மொத்தம் சுமார் 10 ஆயிரம் கிலோ மீட்டர்! சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு முறை போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது.

1978-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள், பாரிசில் இருந்து 182 வண்டிகள் புறப்பட்டன. மோட்டார் சைக்கிள், கார், லாரி எல்லாம் இருந்தன. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கிப் பந்தயம் ஓட்டுபவர்கள் அல்ல. ஆசைக்காக வந்தவர்கள். பெண்களும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள்.

பழைய ஆண்டு வழியிலேயே முடிந்தது. புத்தாண்டும் பாலைவனத்திலேயே பிறந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன.

1979 ஜனவரி 14-ந்தேதி பந்தயம் டக்காரில் முடிந்தபோது, மிஞ்சிய வண்டிகள் 74 தான்.

முதல் பரிசை வென்றவர் சிரில் நெவூ என்ற 22 வயது வாலிபர். யமஹா மோட்டார் சைக்கிளில் வந்த அவர், கார்களையும் முந்திவிட்டார்!

ஆனால் மற்ற 73 வண்டிகளில் வந்தவர்களும் தோற்றவர்களாக ஊர் திரும்பவில்லை. டக்காரைக் கண்டதே அவர்களுக்குப் பெரிய பரிசு. சபீன் உண்டாக்கிய புதுமை இதுதான்.

அடுத்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. ஸ்கூட்டரில் புறப்பட்டு டக்கார் சேர்ந்தவர்களும் உண்டு.

பிரதமர் மகனைக் காணோம்!

1982-ம் ஆண்டு உலகம் முழுவதும் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசியது. அப்போது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர், பந்தயத்தில் ஓட்டிச் சென்றபோது காணாமல் போய்விட்டார். தந்தை அல்ஜீரியாவுக்கு விரைந்தார். ஆறு நாட்களுக்குப் பிறகு, விமானத்தில் தேடியவர்கள் மார்க்கை உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. முதல் ஆண்டிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் வீரர் இறந்தார். பின்னர் வீரர்கள் மட்டும் அல்ல, பாதை ஓரத்தில் நின்ற கிராமத்து மக்களும், குழந்தைகளும்கூட வண்டி மோதி இறந்தார்கள். பணக்கார நாட்டார் விளையாட ஏழை நாட்டார் உயிர் கொடுப்பதா என்று பலர் கண்டித்தார்கள். அந்தப் பழி இந்தப் பந்தயத்தை விட்டு நீங்கவே இல்லை.

ஹெலிகாப்டர் விழுந்தது

பந்தயம் நடக்கும்போது சபீன் வெள்ளை உடையில் இருப்பார். ஹெலிகாப்டரில் பறந்து வண்டிகளைக் கண்காணிப்பார். மாலையில் வீரர்களைக் கூட்டி, மறுநாள் பாதையில் உள்ள ஆபத்துகளை எடுத்துச் சொல்வார்.

1986-ம் ஆண்டுப் பந்தயத்தில் பிரான்சின் புகழ் பெற்ற பாடகர் தானியேல் பலவ்வானும் உடன் இருந்தார். ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தண்ணீர் பம்புகள் கொடுக்கும் பணிக்காக அவர் வந்திருந்தார்.

ஜனவரி 14-ந்தேதி மாலை, மாலி நாட்டில், மணற்காற்றில் சிக்கி ஹெலிகாப்டர் மணல்மேட்டில் மோதி விழுந்தது. சபீன், பலவ்வான், விமானி உள்பட ஐந்து பேரும் இறந்தார்கள்.

முதல் பந்தயம் டக்காரில் முடிந்ததும் ஒரு ஜனவரி 14-ந்தேதிதான். சரியாக ஏழு ஆண்டுகள்! சபீனுக்கு அப்போது வயது 36.

பந்தயம் நிற்கவில்லை. முதல் ஆண்டு வெற்றி பெற்ற அதே நெவூதான் அந்த ஆண்டும் மோட்டார் சைக்கிளில் முதலாவதாக வந்தார். சபீனின் சாம்பல் சகாராவில் தூவப்பட்டது. அங்கே தனியாக நின்ற ஒரு மரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பந்தயம் நடத்தும் பொறுப்பை அவருடைய தந்தை ஏற்றுக்கொண்டார்.

தமிழ்நாட்டுக்கும் பங்கு

பயங்கரவாதிகளின் மிரட்டலால் 2008-ல் பந்தயம் நிறுத்தப்பட்டது. 2009-ல் தென் அமெரிக்காவுக்குப் போனது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. டக்கார் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

2015-ல் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ், பந்தயத்தை ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-ல் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா, 'ராலி-2' என்ற பிரிவில் முதல் பரிசை வென்றார். அவர் ஓட்டியது, ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனம் பங்கு கொண்ட அணிக்காக.

பெரிய நிறுவனங்கள் வந்துவிட்டதால் சாமானியர்களுக்கு இடம் இல்லாமல் போய்விடவில்லை. மெக்கானிக்கின் துணை இல்லாமல், சாமான்களை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, தங்கள் வண்டியைத் தாங்களே ரிப்பேர் செய்து ஓட்டுபவர்களுக்குத் தனி வரிசை உண்டு. பகல் முழுவதும் வண்டி ஓட்டிவிட்டு, மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் அவர்கள் ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்கள்.

பந்தயத்தை முடிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் கிடைக்கிறது. முதலில் வந்தவருக்கும் உண்டு. கடைசியில் வந்தவருக்கும் உண்டு.