மறைபொருள் தேடிய மகாகவி

அயர்லாந்தின் பெருங்கவிஞர் வில்லியம் பட்லர் யேட்ஸ் 1865இல் டப்ளின் அருகே பிறந்தார். தந்தை ஜான் பட்லர் யேட்ஸ் ஓவியர், சமய நம்பிக்கையற்றவர். மைந்தரோ மறைபொருளை நாடினார். 1890இல் லண்டனில் 'பொன் விடியல்' என்னும் மறைஞானச் சங்கத்தில் சேர்ந்தார். ரோஜா, சிலுவை முதலிய உருவங்களை உள்ளத்தில் நிறுத்தித் தியானிக்கும் பயிற்சி அங்கு நிலவியது. மூத்த நண்பர் ஜான் ஓலியரி அதனை விரும்பவில்லை. கவிதைக்கு அடுத்துத் தம் வாழ்வின் தலையாய தேடல் அதுவே என்று 1892இல் யேட்ஸ் அவருக்கு எழுதினார்.

1917இல் ஜார்ஜி ஹைட்-லீஸ் அம்மையாரை மணந்தார். சில நாள்களில் அம்மையாரின் கை, மறைவுலகின் ஏவலால் இயங்குவதுபோல் எழுதலாயிற்று. கணவரின் மனக்கலக்கத்தைப் போக்கவே முதலில் அவ்வாறு எழுத முயன்றதாக அம்மையார் பின்னாளில் ஒப்புக்கொண்டார். யேட்ஸோ அச்செய்திகளை விளக்குவதிலேயே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட முன்வந்தார். அது வேண்டா, கவிதைக்கு உருவகங்கள் தரவே வந்தோம் என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அவ்விடை கவிஞரைக் காத்தது. திங்களின் 28 கலைகளும் சுழலும் கூம்புகளும் 'தரிசனம்' என்னும் அவரது நூலில் மனித இயல்பையும் வரலாற்றையும் அளக்கும் கோல்களாயின. கால்வே மாவட்டத்தில் அவர் வாங்கிக் கோடைதோறும் தங்கிய பழங்கோட்டைக் கோபுரத்தின் சுழற்படிகளும் குறியீடாகிக் கவிதையில் ஏறின. அவற்றை அவர் மெய்யென நம்பினாரா என்னும் வினாவுக்கு, அனுபவத்தை ஒழுங்குபடுத்தும் வடிவங்களே அவை என 1937ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் விளக்கம் தந்தார்.

1923இல் நோபல் பரிசு பெற்ற யேட்ஸ் 1939இல் பிரான்சில் மறைந்தார். அவர் சேர்ந்த சங்கம் அதற்கு முன்பே பிளவுண்டு சிதைந்திருந்தது. அங்கு அவர் தியானித்த ரோஜா மட்டும் கவிதையில் வாடாமல் நிற்கிறது.