கோவைக் கரிவர்தன்

கோயம்புத்தூர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன பஞ்சாலை, பம்பு, சிறுவாணித் தண்ணீர் ஆகிய மூன்றே. ஜி. டி. நாயுடு அவர்களைப் பற்றிப் படித்தவர்கள், 1937-ஆம் ஆண்டில் அந்நகரில் உருவான மின்மோட்டாரையும் சேர்த்துச் சொல்லக்கூடும். அதே ஊரில் பிறந்து, மோட்டார்ப் பந்தயம் என்னும் செல்வர் வீட்டு விளையாட்டைத் திறமையுள்ள இளைஞனின் கைக்கெட்டும் தூரத்திற்கு இறக்கிவைத்த ஒருவரை நாம் அதிகம் பேசுவதில்லை. சுந்தரம் கரிவர்தன் என்பது அவர் பெயர். பந்தயத்திடலில் எல்லோரும் அவரைக் 'கரி' என்றே அழைத்தனர். கரி என்றால் யானை என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடை குறைந்த வண்டி செய்வதற்காகவே வாழ்ந்த மனிதருக்கு யானையின் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை!

நம் மன்றத்து மலரில் புலவர்களையும் தலைவர்களையும் பற்றி எழுதுவதே வழக்கம். காரோட்டி ஒருவருக்கு இங்கே என்ன இடம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். அறிவியல் பயிலும் மாணவன் நான். கையிலுள்ள சாதாரணப் பொருளைக்கொண்டு அரிய காரியம் செய்தவர் யாராயினும் அவரை ஆராய்ச்சியாளர் வரிசையில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அவ்வளவே என் விடை.

1954-ஆம் ஆண்டில் கரிவர்தன் பிறந்தார். 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு அவர்கள் தொடங்கிய லட்சுமி மில்லின் குடும்பம் அவருடையது. பொருளுக்குக் குறைவில்லை. மில் வீட்டுப் பிள்ளை மில்லைப் பார்த்துக்கொண்டு, மாலையில் நல்ல கார் ஒன்றில் அவினாசி சாலையில் உலாவி வந்தாலே போதுமானது. ஊரார் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இவருக்கோ காரில் உட்கார்வதைக் காட்டிலும் காரைப் பிரித்துப் பார்ப்பதிலேதான் ஆவல். இளமை முதல் அவர் மனம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில்தான் இருந்தது.

சோழவரம் என்றால் இன்றைய மாணவர்களுக்கு விளங்காது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காகப் போடப்பட்ட ஓடுபாதை அது. போர் ஓய்ந்தது, விமானங்கள் போய்விட்டன, சிமெண்டுத் தளம் மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதனைப் பந்தயத்திடலாக்கிக்கொண்டனர். ஓட்டுபவர் தடம் பிறழ்ந்தால் தாங்கிக்கொள்ள முறையான தடுப்பு இல்லாத காலம். ஆயினும் பந்தய நாட்களில் மக்கள் திரள் திரளாக வந்தார்கள். வீட்டில் நாள்தோறும் ஓடும் பியட், ஹெரால்டு முதலிய வண்டிகளே அங்கு வேறு கோலம் பூண்டு பறந்தன. பின்னிருக்கை இல்லை, மிதியடி இல்லை, கதவின் உள்ளட்டை இல்லை. ஒலி மட்டும் இரட்டிப்பு!

இந்தக் 'கோலம் பூணுதல்' என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கரிவர்தன் கற்ற பள்ளிக்கூடம் அதுதான். பழைய சாலை வண்டியைப் பந்தயத்திற்கு ஆக்குவதென்றால் எஞ்சினை முறுக்கேற்றுவதே முதல் வேலை என்று நாம் எண்ணுகிறோம். தொழிலறிந்தவர் அங்கே தொடங்குவதில்லை. அவர் முதலில் பிரேக்கைப் பார்ப்பார். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று நாம் பள்ளியில் படித்தோம் அல்லவா? மணிக்கு 60 கிலோமீட்டரில் நிறுத்துவதைவிட 120 கிலோமீட்டரில் நிறுத்தும்போது பிரேக் நான்கு மடங்கு வெப்பத்தை விழுங்கவேண்டும். சாலையில் எப்போதோ ஒருமுறை அழுத்துகிறோம். பந்தயத்திடலிலோ ஒவ்வொரு வளைவிலும் அழுத்துகிறோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. பழைய எண்ணெய் விரைவில் கொதித்துக் குமிழியிடும், மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கிவிடும், வண்டி நிற்காது. ஆகவே புதிய எண்ணெய், புதிய பிரேக் கட்டைகள், வெடிப்பில்லாத ரப்பர்க் குழாய்கள், நல்ல டயர் ஆகியவை முதற்செலவு. அடுத்தது, கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காதபடி உள்ளே எஃகுக் குழாயால் ஒரு கூடு, தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார். அதன்பின் எடைக் குறைப்பு. எஞ்சின் கடைசியில்தான் வரும்.

எடையைக் குறைக்கும் வேலையில் ஒரு நயம் உண்டு. குதிரைத்திறனைக் கூட்டுவதற்குப் பணம் வேண்டும். எடையைக் குறைப்பதற்கு ஸ்பானர் போதும். இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் படித்த அவர், 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய ஆஸ்டின் செவன் வண்டி ஒன்றைப் பிரித்து, விமானம் கட்டும் முறையில் ஒட்டுப்பலகையும் அலுமினியமும் கொண்டு உடல் அமைத்து, 1948-இல் போட்டிக்கு விட்டார். முதல் லோட்டஸ் அதுவே. அந்தப் பெயரில் பின்னாளில் உலகப் பட்டங்கள் வந்தன. நியூசிலாந்தின் புரூஸ் மக்லாரனும் ஆஸ்டின் செவன் ஒன்றில் தொடங்கியவர்தான். மலிவான வண்டி ஒன்று ஒரு நாட்டில் பெருகும்போது, அந்நாட்டின் பந்தயக்கலையும் அதன் வயிற்றிலிருந்து பிறக்கிறது. இங்கிலாந்துக்கு ஆஸ்டின் செவன் வாய்த்தது. இந்தியாவுக்கு?

எண்பதுகளின் தொடக்கத்தில் சோழவரத்தில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. பொருள் மிக்கவர்கள் அயல்நாட்டுப் பந்தய வண்டிகளைத் தருவித்து ஓட்டினார்கள். கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த வண்டியேயாயினும் அது உள்ளூர் பியட்டுக்கு முன்னால் புலிதான். இறக்குமதி வரியோ மலைபோன்றது. ஆகவே யார் வெல்வார் என்பது, பந்தயத்திற்கு முன்பே துறைமுகத்தில் முடிவாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். கரிவர்தன் நினைத்திருந்தால் அந்த வழியிலேயே காலம் முழுவதும் போயிருக்கலாம். அதற்கான வசதி அவருக்கு இருந்தது. அவரும் வேகமாக ஓட்டியவர்தான், வெற்றிகள் கண்டவர்தான். அவருடைய வெற்றிகளை இங்கே நான் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. பிறரை ஓட்டவைத்த செயலே அவற்றைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுகிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஏறத்தாழ 37 குதிரைத்திறன், 650 கிலோவை ஒட்டிய எடை. நான் வாழும் ஆரியசாலையில், தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தெருக்களில், இந்த வண்டி இன்னும் மூட்டை சுமக்கிறது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன பிறகும், சாலைக் கடைவீதியில் சரக்கெடுத்துத் திரும்பும் அண்ணாச்சிமார் இதை விடுவதாக இல்லை. அரிசி மூட்டைக்கும் மளிகைச் சாமானுக்கும் நடுவே முனகிக்கொண்டு போகும் இந்த வண்டியா பந்தய வண்டி என்று கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள்.

கரிவர்தன் சிரிக்கவில்லை, பிரித்துப் பார்த்தார். மாருதியில் எஞ்சின் முன்புறம் குறுக்காக அமர்ந்திருக்கிறது. கியர்பெட்டியும், சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் பகுதியும் அதனோடு ஒட்டிப் பிறந்தவை. மூன்றும் ஒரே பொதி. பழைய பியட்டிலும் அம்பாசிடரிலும் இருப்பதுபோல் பின்சக்கரத்திற்கு நீண்ட தண்டு போகவேண்டியதில்லை. எனவே அந்தப் பொதியை அப்படியே தூக்கி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால், முன்சக்கரங்களை இழுத்த எஞ்சின் பின்சக்கரங்களைத் தள்ளத் தொடங்கும்! உலகப் பந்தய வண்டிகள் அமைந்திருக்கும் முறையும் அதுவே. மேலே எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம். அதற்குக் கண்ணாடியிழையால் ஒரு போர்வை. ஒருவர் மட்டும் அமரும் இடம். எண்பதுகளின் பிற்பகுதியில் இவ்வாறு உருவானதுதான் 'பார்முலா மாருதி'.

ஒரு சிறு கணக்கு. 650 கிலோவுக்கு 37 குதிரைத்திறன் என்றால், ஒரு டன்னுக்கு 57 ஆகிறது. எஞ்சினைத் தொடாமலே எடையை 450 கிலோவுக்குக் கொண்டுவந்தால் அது 82 ஆகிவிடும். இவ்வளவு திறனை எஞ்சினில் தேடியிருந்தால் எத்தனை பிஸ்டன் உடைந்திருக்கும், எத்தனை பணம் கரைந்திருக்கும்! மாருதியின் உதிரிப்பாகமோ எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கிளட்ச் தேய்ந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அடுத்த தெருவுக்கு நடந்தால் போதும். கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் என்ன பஞ்சம்? பம்பு செய்த கைகள் பந்தய வண்டியும் செய்தன.

மலிவு ஒன்றே இதன் சிறப்பு என்று கொள்ளலாகாது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டம் என்று ஆகிவிட்டபின், தந்தையின் பணப்பை வளைவில் உதவாது. யார் எங்கே பிரேக் அழுத்துகிறான், யார் எந்தக் கோட்டில் திரும்புகிறான் என்பதுதான் தீர்ப்புச் சொல்லும். பரீட்சை மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பது போன்றது அது.

முற்றிலும் ஏழைக்கு எட்டியதா என்றால், இல்லை. டயரும் பெட்ரோலும் பயிற்சியும் அப்போதும் செலவுதான். உதவித்தொகையில் விடுதிக் கட்டணம் செலுத்தும் நம்மைப் போன்றோருக்கு இன்றும் அது எட்டாத கிளையே. அதைச் சொல்லாமல் இவரைப் புகழ்ந்தால் புகழ்ச்சி பொய்யாகிவிடும். ஆனால் கோடி ரூபாய்க் கிளையாக இருந்ததை ஏணி வைத்தால் எட்டும் கிளையாக வளைத்துக் கொடுத்தவர் அவரே.

அந்த ஏணியில் ஏறியவர்கள் யார்? 1990 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்திடல் ஓடத்தொடங்கியது. இளைஞர்கள் மாருதியின் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அங்கே போட்டியிட்டனர். அவர்களுள் கோவைச் சிறுவன் நரேன் கார்த்திகேயனும் ஒருவர். அவர் முதற்பந்தயத்திலேயே மேடையேறி, 1992-இல் பயிற்சிக்குப் பிரான்சு சென்று, 2005-இல் உலகப் பந்தயமான பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2000-இல் பார்முலா மாருதியில் தேசிய வெற்றி பெற்று, 2010-இல் அதே உலகப் பந்தயத்திற்குப் போனார். இந்தியாவிலிருந்து இதுவரை பார்முலா ஒன்றில் ஓட்டியவர்கள் இந்த இருவரே. இருவரும் ஏறிவந்த படி மளிகைக்கடை வண்டியின் எஞ்சின்!

இவற்றைக் காணக் கரிவர்தன் இல்லை. நிலத்தில் ஓடும் வண்டியோடு அவர் ஆவல் நிற்கவில்லை. இலேசான சிறு விமானங்களிலும் மனம் போயிற்று. 1995 ஆகஸ்டில் அத்தகைய விமானம் ஒன்று விழுந்து அவர் மாண்டார். வயது 41. அவர் இறந்தபோது நரேனுக்கு 18 வயது.

அவர் விட்ட இடத்திலிருந்து கோவைக்காரர்கள் தொடர்ந்தனர். 1300 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சின்களைக் கொண்ட எல்.ஜி.பி. பார்முலா வண்டிகள் அதே வழியில் வந்தவை.

இங்கே கேரளத்தில் நம் கல்லூரி நண்பர்கள் சிலர் பழைய வண்டிகளை வாங்கி, சைலன்சரைக் கழற்றி, ஸ்பிரிங்கை வெட்டி, இரவில் புறவழிச்சாலையில் விரட்டுவதைக் காண்கிறேன். கேரளத்தில் எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாகச் சாலை வண்டியைத் திருத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வது அதுதான். சட்டம் நம் ஆசைக்குப் பகை என்று அவர்கள் குறைபடுகிறார்கள். பிரேக் எண்ணெயை மாற்றாதவன் சைலன்சரை மாற்றி என்ன பயன் என்பது என் கேள்வி. திருத்திய வண்டிக்கு இடம் வேறு. அங்கே எதிரே லாரி வராது. குழந்தை குறுக்கே ஓடாது. தடம் பிறழ்ந்தால் மணல் ஏந்திக்கொள்ளும். மருத்துவ வண்டி காத்து நிற்கும். சொந்த வண்டியைக் கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி, கொடி காட்டும் வரையில் ஓட்டிப் பார்க்கும் நாட்களையே இப்போது 'டிராக் டே' என்கிறார்கள்.

அத்தகைய இடம் நமக்குத் தொலைவிலும் இல்லை. 2003-இல் கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் எழுந்த பந்தயத்திடலுக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிட்டார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆரியசாலையிலிருந்து தம்பானூர் நிலையத்திற்கு நடந்துபோய் ரயிலேறினால், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தபின் போத்தனூர் வரும். அங்கிருந்து செட்டிபாளையம் சிறிது தூரமே.