சிக்னலில் அணைந்து தானே கிளம்பும் கார்: இரண்டாவது பேட்டரியும் சார்லஸ் கெட்டரிங்கின் கணக்கும்

சிக்னலில் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்து நின்றதும் இன்ஜின் தானாக அணைகிறது. பச்சை விழுந்து காலை எடுத்ததும் டக்கென்று கிளம்புகிறது. ஆட்டோ ஸ்டாப்-ஸ்டார்ட் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

ஒரு நாள் திடீரென்று அது வேலை செய்யாமல் போகும். டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை எரியும். சர்வீஸ் சென்டருக்குப் போனால், காரில் இரண்டு பேட்டரி இருக்கிறது, அதில் சின்னது போய்விட்டது என்பார்கள். இத்தனை வருஷம் ஓட்டிய காரில் இன்னொரு பேட்டரி இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரு காருக்கு எதற்கு இரண்டு பேட்டரி? இதற்குப் பதில் தேடினால் 1911ஆம் ஆண்டுக்கும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு இன்ஜினீயருக்கும் போய்ச் சேருவோம். அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங்.

ஹேண்டில் போட்ட காலம்

அப்போதெல்லாம் காரைக் கிளப்ப வேண்டுமென்றால் முன்பக்கம் இறங்கி நின்று, இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். பலம் இருந்தால் மட்டும் போதாது, உஷாராகவும் இருக்க வேண்டும். தீப்பொறி கொஞ்சம் முந்திக்கொண்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். கையில் இருக்கும் ஹேண்டில் அப்படியே திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிவது, தாடை உடைவது எல்லாம் அன்றைய கார்க்காரர்களுக்குத் தெரிந்த விபத்துகள்.

பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் 1908இல் இறந்தார். டெட்ராய்ட்டில் வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட உதவப்போய், அது திருப்பி அடித்த காயத்தால்தான் இறந்தார் என்பது கார் உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை. காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு அவர் நண்பர். அந்தச் சாவுதான் ஹேண்டிலை ஒழித்தே தீர வேண்டும் என்று லேலண்டை நினைக்க வைத்தது என்பார்கள். அந்த வேலை கெட்டரிங்கிடம் வந்தது.

கண் வலியோடு படித்த பையன்

கெட்டரிங் 1876 ஆகஸ்ட் 29 அன்று ஒஹாயோவின் லவுடன்வில் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே கண் பார்வை மோசம். புத்தகத்தைத் தொடர்ந்து பார்த்தால் தலை வலிக்கும். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் தொந்தரவால் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று.

வீட்டில் முடங்கவில்லை. டெலிபோன் கம்பிவடம் இழுக்கும் குழுவில் வேலைக்குப் போனார், மேஸ்திரியாகவும் ஆனார். மின்சாரம் அவருக்குக் கைப்பழக்கமாகவே வந்தது அங்கேதான். பிறகு மறுபடி கல்லூரிக்குப் போய் 1904இல் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். அப்போது வயது 27.

கல்லாப்பெட்டி சொல்லிக்கொடுத்த பாடம்

பட்டம் வாங்கிய கையோடு டேட்டன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை. அன்றைய கேஷ் ரிஜிஸ்டர்களையும் கையால்தான் இயக்க வேண்டும். அதற்கு ஒரு மின் மோட்டார் பொருத்தச் சொன்னார்கள்.

பெட்டிக்குள் பெரிய மோட்டாருக்கு இடமில்லை. கெட்டரிங் கேள்வியையே மாற்றினார். இந்த மோட்டார் நாள் முழுக்க ஓடப்போகிறதா? இல்லையே! பில் போடும் அந்தக் கணம் மட்டும் சுற்றினால் போதும். அப்படியென்றால் சின்ன மோட்டாரையே கொஞ்ச நேரம் அதன் சக்திக்கு மீறி உழைக்க வைக்கலாம். சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் ஆறியும்விடும்.

கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அவர் புகழுக்கே அடிப்படை இதுதான். எவ்வளவு சக்தி வேண்டும் என்பதோடு, எவ்வளவு நேரத்துக்கு வேண்டும் என்றும் கேட்டார்.

வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறைகளிலும், சக ஊழியர் எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் நண்பர்கள் கூடி கார்களுக்கான மின்கருவிகளைச் செய்து பார்த்தார்கள். 1909இல் அது டேட்டன் இன்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி ஆனது. அதன் சுருக்கம்தான் டெல்கோ. முதலில் காடிலாக்குக்கு மேம்பட்ட இக்னிஷன் அமைப்பைச் செய்து கொடுத்தார்கள். அதற்கு அடுத்ததுதான் செல்ஃப் ஸ்டார்ட்டர்.

ஒரு மெஷின், இரண்டு வேலை

இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வைத்தால், மோட்டாரும் பேட்டரியும் காரையே அடைத்துக்கொள்ளும் என்பதுதான் அப்போது பலரின் எண்ணம். கெட்டரிங்குக்கு கேஷ் ரிஜிஸ்டர் ஞாபகத்துக்கு வந்தது. இன்ஜின் பற்றும் வரை சில விநாடிகள் சுற்றினால் போதுமே!

அதைவிட முக்கியம், அவர் மோட்டாரை மட்டும் தனியாக யோசிக்கவில்லை. பேட்டரியிலிருந்து எடுத்த கரண்டை யார் திருப்பிக் கொடுப்பது? கிளம்பும்போது மோட்டாராகச் சுற்றிய அதே மெஷின், கார் ஓடும்போது ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்தது. கிளப்ப 24 வோல்ட், ஓடும்போது விளக்குக்கும் சார்ஜுக்கும் 6 வோல்ட் என்று இணைப்பு மாறும். ஸ்டார்ட்டிங், இக்னிஷன், விளக்கு மூன்றும் ஒரே குடும்பம் ஆயின.

1911 பிப்ரவரியில் காடிலாக் ஆட்களுக்கு இயக்கிக் காட்டினார்கள். 1912 மாடல் காடிலாக்கில் அது விற்பனைக்கு வந்தது. அந்த நிறுவனத்துக்கு டியூவார் கோப்பையையும் வாங்கித் தந்தது. 1919இல் ஃபோர்டின் மாடல் டி காருக்கும் மின் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கார் ஓட்டக் கைபலம் வேண்டும் என்ற நிலை மாறியது.

அந்த அமைப்பின் கணக்கு இதுதான்: சில விநாடி அதிகமாக எடு, பிறகு நீண்ட நேரம் ஓட்டித் திருப்பிக் கொடு.

கணக்கில் விட்டுப்போன ஒன்று

டெல்கோ 1916இல் கைமாறி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியானது. 1920இலிருந்து 1947இல் ஓய்வுபெறும் வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் துறையை கெட்டரிங் நடத்தினார். சீக்கிரம் காயும் கார் பெயின்ட், ரயில்களுக்கான டீசல் இன்ஜின் என்று அவர் தலைமையில் வந்தவை பல.

அவற்றில் ஒன்று பெரிய கறை. இன்ஜினில் வரும் நாக்கிங் சத்தத்தைப் போக்க, 1921இல் அவருடைய குழுவைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து பார்த்தார். சத்தம் நின்றது. 1923இல் டேட்டனிலேயே விற்பனை தொடங்கியது. 1924இல் அதற்காகத் தொடங்கிய எத்தில் நிறுவனத்தின் முதல் தலைவர் கெட்டரிங்தான்.

ஈயம் விஷம் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 1924இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஈய விஷத்தால் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் நின்றது. உலகில் கார்களுக்கான கடைசி விற்பனை முடிந்தது 2021இல்!

ஸ்டார்ட்டரில், எடுத்த கரண்ட் எப்படித் திரும்பி வரும் என்பதுவரை யோசித்தவர் அவர். இங்கே புகைக்குழாய் வழியாக வெளியே போகும் ஈயம் எங்கே போய்ச் சேரும் என்ற கணக்கு விட்டுப்போனது. 1945இல் நியூயார்க்கில் அவர் பெயரும் சேர்ந்த ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1958 நவம்பரில் டேட்டனில் இறந்தார். பக்கத்திலேயே ஒரு நகரம் அவர் பெயரில் இருக்கிறது.

இன்றைய காரில் என்ன மாறியது?

கெட்டரிங் காலத்து கார் ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஸ்டார்ட் ஆகும். ஸ்டாப்-ஸ்டார்ட் கார் ஒரே பயணத்தில் பத்து, இருபது தடவை ஸ்டார்ட் ஆகலாம். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஏசி காற்றாடி, மேப், பாட்டு, விளக்கு எல்லாம் பேட்டரியில் ஓடும். திருப்பிக் கொடுக்கும் நேரமோ அடுத்த சிக்னல் வரைதான். பழைய கணக்கு இங்கே இடிக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த விநாடியில் பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். காலையில் ஒரு தடவை விளக்கு மங்கினால் யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்க்ரீன் அணைந்து எரிந்தால்? அதனால்தான் சில கார்களில் துணை பேட்டரி வைக்கிறார்கள். பெரியது இன்ஜினைச் சுற்றும். அந்த நேரத்தில் சின்னது எலெக்ட்ரானிக்ஸைத் தாங்கும். வண்டிக்கு வண்டி இந்த அமைப்பு மாறும். சில கார்களில் இதற்குப் பதில் வேறு ஏற்பாடு இருக்கும். ஒரே பேட்டரியை வலுவாக வைக்கும் கார்களும் உண்டு.

மைல்டு ஹைபிரிட் கார்களில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஒரே மெஷின் வருகிறதே, அது 1912 காடிலாக்கின் அதே யோசனைதான்.

சின்ன பேட்டரி மக்கர் செய்தால்

ஸ்டாப்-ஸ்டார்ட் ஒரு நாள் வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். இன்ஜின் சூடாகாதது, ஏசிக்கு அதிக தேவை, சீட் பெல்ட் போடாதது, சார்ஜ் குறைவு எதுவும் காரணமாக இருக்கலாம். நீண்ட தூரம் ஓட்டியும் வாரக்கணக்கில் வராமலிருந்தால் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பல கார்களில் வண்டி நிற்கும்போது இரண்டும் இணைந்திருக்கும். போன பேட்டரி நல்லதையும் சேர்த்து இழுத்துவிடும். சேர்த்துப் பார்த்தால் எது கெட்டது என்றே தெரியாது. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் நன்றாக இருக்கிறது. 12 வோல்ட்டை ஒட்டி இருந்தால் காலியாகிவிட்டது என்று அர்த்தம். வோல்டேஜ் சரியாக இருந்தும் லோடு டெஸ்ட்டில் தோற்கும் பேட்டரிகள் உண்டு, அதையும் கேட்டுச் செய்யுங்கள்.

மாற்றும்போது அதே வகையைப் போடுங்கள். ஏ.ஜி.எம். அல்லது ஈ.எஃப்.பி. வகை இருந்த இடத்தில் விலை குறைவு என்று சாதா பேட்டரி போட்டால், அடிக்கடி ஸ்டார்ட் ஆகும் சுமையை அது ரொம்ப நாள் தாங்காது. இரண்டும் ஒரே வயசு என்றால் சேர்த்து மாற்றுவது நல்லது. பல கார்களில் புது பேட்டரி போட்டதை ஸ்கேன் டூல் மூலம் காரின் கம்ப்யூட்டருக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் அது பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும்.

சார்ஜர் போடுகிறவர்கள், நெகட்டிவ் டெர்மினலில் சென்சார் இருந்தால், மேனுவல் காட்டும் எர்த் இடத்தில் கிளிப்பை மாட்டுங்கள். வயரிங் வேலை செய்யும்போது ஒரு பேட்டரியைக் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ கரண்டோடு உட்கார்ந்திருக்கும்.

தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் வாரம் ஒரு தடவையாவது நிற்காமல் நீண்ட தூரம் ஓட்டுங்கள். ஸ்டாப்-ஸ்டார்ட்டை பட்டனில் அணைத்து வைத்தால் ஸ்டார்ட் எண்ணிக்கை குறையும். ஆனால் போன பேட்டரிக்கு அதனால் உயிர் வராது.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையிலோ, வீட்டில் வைத்து உடைப்பவர்களிடமோ போடாதீர்கள். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதற்குள் இருப்பதும் ஈயம்தான். எடுத்தது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கணக்கில் கெட்டரிங் ஒரு தடவை ஜெயித்தார், ஒரு தடவை தோற்றார். பழைய பேட்டரி விஷயத்தில் அந்தக் கணக்கு இப்போது கார் வைத்திருப்பவர் கையில்.